போக ஏழு மணி, வர ஒன்றே முக்கால்

பழவேற்காட்டுப் பக்கம் நண்டுக்கென்று தனிக் கொட்டகை போட்ட முதல் ஆள் நான். உயிர் நண்டை எவனாவது ஏரோப்பிளேனில் ஏற்றுவானா என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு என் கொட்டகைக்கே நண்டைக் கொண்டுவந்து போட்டார்கள். ஐஸ் உடைக்கிற மெஷின் வைத்தேன். கரண்ட் கம்பம் நட ஆள் வரவில்லை, நானே குழி தோண்டினேன். இரண்டு வேன், ஒரு ஃபைபர் படகு, அதற்கு நல்ல இன்ஜின். ஏரிக்குள் இருக்கிற எங்கள் குப்பத்தில் முதல் மாடி வீடு என்னுடையது. செங்கல்லைப் படகில் ஏற்றிப் போனோம். ஒரு புயலில் பாதி செங்கல் தண்ணீருக்குள் போனது. மறுபடி ஏற்றினேன். அம்மன் கோயிலுக்கு சிமென்ட் தளம் போட்டேன். என் இரண்டு பெண்களும் காலேஜ் படித்தார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நைனாவோடு வலைக்குப் போய்விட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் நான் எழுதப்போவது ஒன்றுமே கட்டாத ஒரு மனுஷரைப் பற்றி. கடை வாடகை, வீடு வாடகை, சைக்கிள்கூடச் சொந்தமில்லை. இருந்தும் எங்கள் குப்பத்தில் வெளிநாட்டுப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள். பேர் சொல்ல மாட்டார்கள். பாய் என்றால் போதும். பழவேற்காட்டில் எத்தனையோ பாய் இருக்கிறார்கள், ஆனால் குப்பத்துக்காரர்கள் பாய் என்றால் அவர் ஒருவர்தான். நானும் பேர் சொல்லப்போவதில்லை.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. ஜெராக்ஸ் மெஷின் ஒன்று இருக்கும், அது மாதத்தில் பாதி நாள் ரிப்பேர். பஸ்ஸுக்கு, ரயிலுக்கு, பிளேனுக்கு டிக்கெட் போட்டுத் தருவார். டிக்கெட்டை ஒரு புடவைக் கடைக் கவரில் வைத்து மடித்து, இரண்டு கையாலும் கொடுப்பார். எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை ஒன்றுதான்: பக்கம்தான்.

கொழும்பு எவ்வளவு தூரம் பாய் என்றால், பக்கம்தான், நீ ஆரம்பாக்கத்தில் ரயிலுக்கு நிற்கிற நேரத்தில் போய்விடலாம் என்பார். சிங்கப்பூர் என்றால், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் இறங்கிவிடலாம் என்பார். கோலாலம்பூர் அவருக்கு சிங்கப்பூருக்கு முந்தின ஸ்டாப். சுவரில் ஆசியா படம் ஒன்று ஒட்டியிருந்தார். கட்டைவிரலை மெட்ராஸில் வைத்து, சுண்டுவிரலை நீட்டி சிங்கப்பூரில் வைத்து, "ஒரு ஜாண்" என்று காட்டுவார். காட்டிக் காட்டி அந்த இரண்டு இடத்திலும் மை போய் வெள்ளையாகிவிட்டது. படத்தில் மெட்ராஸும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை.

ஆனால் எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்கு அவர் ஒரு நாளும் எழுந்து போனதில்லை. அங்கிருந்து டீ வர வேண்டும். ஒரு நாள் கேட்டேன், இன்னா பாய், சிங்கப்பூர் பக்கம், டீக்கடை தூரமா என்று. "அதுக்கு நடக்கணுமே தம்பி" என்றார். அவ்வளவு நிதானமாகச் சொன்னார், எனக்கு சிரிப்பு வர ஒரு நிமிஷம் ஆனது.

கையில் ஒரு பழைய வாட்ச் கட்டியிருப்பார். அது எப்போதும் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். பாய் வாட்ச் கெட்டுப்போன வாட்ச் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். நான் ஒரு தடவை என் செலவில் ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அது சரியாகத்தான் ஓடுகிறது, நாமதான் பின்னால் இருக்கிறோம் என்றார். வயசானவர், விட்டுவிட்டேன்.

அந்த வாட்ச் சிங்கப்பூரில் வாங்கியது. வாலிபத்தில் அவர் அங்கே ஒரு மளிகைக் கடையில் இருந்தார். இதை அவர் எல்லோரிடமும் சொல்வதில்லை. என் கொட்டகையில் நண்டுப் பெட்டிகளுக்கு ஈரச்சாக்கு போடும்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அவராகவே ஒரு நாள் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி போயிருக்கிறது. அப்போது பிளேன் எல்லாம் துரைமார்களுக்கு. அவர் கப்பல் ஏறினார். ஒரு வாரத்துக்கு மேல் கடல். பினாங்கில் நின்று, நாகப்பட்டினத்தில் நின்று, மெட்ராஸ் வந்து, பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்தபோது அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் ஓதலும் முடிந்திருந்தது. "அதுதான் தம்பி தூரம்" என்றார். "இப்ப இருக்கிறதெல்லாம் தூரமே இல்ல." பிறகு நண்டு ஒன்றின் கால் கட்டு தளர்ந்திருக்கிறது, பார் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவரைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கம் பக்கம் என்று சொல்லியே பழவேற்காட்டுப் பிள்ளைகளை வெளியே தள்ளுகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. போனவர்கள் சிலர் தகப்பன் சாவுக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று போனில் அழுதார்கள். அப்படிப்பட்ட நாட்களில் அந்த வீட்டார் பாய் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவரும் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்.

இனி காசியம்மாள் விஷயம்.

காசியம்மாள் எங்கள் குப்பம். புருஷன் வலை போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகில் சாய்ந்துவிட்டான். ஒரே பிள்ளை, தேசப்பன். வெல்டிங் படித்தவன். சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் குப்பத்திலிருந்து முதன்முதலாகப் பிளேன் ஏறப்போகிறவன் அவன்தான். காசியம்மாள் விட மாட்டேன் என்றாள். கடைக்கு வந்து பாயிடம் சண்டை போட்டாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். பாய் என்னைக் கை காட்டினார்.

"இந்தா, இவரு நண்டு வாரத்துக்கு ரெண்டு தபா போவுது. காலக் கட்டி, சாக்குல சுத்தி, பெட்டியில போட்டு அனுப்புறாரு. அங்க எறங்கி கண்ண உருட்டிப் பாக்குது. நண்டுக்குப் பக்கம், உன் புள்ளைக்குத் தூரமாம்மா?"

என் நண்டு போகிற ஊர் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு ஐப்பசி மாதம் தேசப்பன் கிளம்பினான். இரவு பதினோரு மணிக்கு பிளேன், காலை ஆறு மணிக்கு அங்கே இறங்கினேன் என்று பிறகு சொன்னான். காசியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஏழு மணி நேரம். நாலு மணி நேரம் என்றாரே பாய் என்று அப்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பேர். நல்ல பாடும் உண்டு, சுமாரான பாடும் உண்டு. யாருக்கு எந்தப் பாடு என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டு எடுத்து முடிவு செய்வோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆண், தலைக்கட்டு என்போம், அவன்தான் பானைக்குள் கை விட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். கை அவனுடைய கையாகவே இருக்க வேண்டும். எடுத்த பிறகு அவனுக்காக யார் வலை கட்டினாலும் சரி, பங்கு அவன் வீட்டுக்கு வரும். ஆனால் சேர்ந்தாற்போல இரண்டு வருஷம் ஒரு வீட்டின் கை பானைக்கு வராவிட்டால், அந்தப் பங்கு பொதுவில் சேர்ந்துவிடும். போனது போனதுதான். சீட்டு உச்சிப்பொழுதுக்குள் முடிய வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. நிழல் சாய்ந்த பிறகு எடுக்கிற சீட்டில் இறால் ஏறாது என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

தேசப்பன் போன அடுத்த வருஷம் சீட்டுக்கு வரவில்லை. லீவு தரவில்லை. காசியம்மாள் அன்றைக்கே மீன்கூடையோடு பழவேற்காடு வந்து கடை வாசலில் நின்றாள்.

"பக்கம் பக்கம்னு சொன்னியே பாயி, இப்ப எங்க என் புள்ள?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். பாய் வாட்ச்சைப் பார்த்தார். அவள் போன பிறகும் வெகுநேரம் ஆசியா படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று யாருக்கோ பெங்களூர் டிக்கெட் போட்டுக் கொடுத்தபோது பக்கம்தான் என்று சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் மழை முந்திக்கொண்டது. முகத்துவாரம் உடைந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்தது, இறால் ஏறத் தொடங்கிவிட்டது. வழக்கமாகப் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்கிற சீட்டு. அந்தத் தடவை காத்திருந்தால் இறால் ஓடிவிடும், நாளைக் காலையிலேயே எடுத்துவிடலாம் என்று தலைவர் மைக்கில் சொல்லிவிட்டார். இரண்டாவது வருஷம். தேசப்பன் கை வராவிட்டால் காசியம்மாள் வீட்டுக்கு ஏரியில் ஒன்றுமில்லை. மாமனார் காலத்துப் பங்கு. ஏரியிலிருந்து அவள் கைக்கு வருகிற ஒரே வரும்படி அதுதான் என்பதோடு, அது போனால் குப்பத்தில் அவள் வீடு ஒரு வீடாகவே கணக்கில் வராது.

அவள் தேசப்பனுக்குப் போன் போட்டாள். அவன் சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு வாங்கிவிட்டான். அன்றைய பிளேனில் இடமில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு அங்கே கிளம்புகிற பிளேனில் ஒரு சீட் இருந்தது. பாய் அதைப் போட்டுவிட்டார். காசியம்மாள் மறுபடி விரல் விட்டு எண்ணினாள். ஆறரையோடு ஏழு. மதியம் ஒன்றரை. உச்சி தாண்டிவிடும். பிளேன் மீனம்பாக்கத்தில் இறங்கும்போதே சீட்டு முடிந்துபோயிருக்கும். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பாயை என் படகில் ஏற்றிக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வலைக் கொட்டகையில் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் போனை நீட்டினார். அதில் டிக்கெட் இருந்தது. ஆறரைக்குக் கிளம்பி எட்டேகாலுக்கு மெட்ராஸில் இறங்கும், ஆகவே உச்சிக்கு முன்னால் வந்துவிடுவான், அந்த வீட்டுச் சீட்டைக் கடைசியில் வையுங்கள் என்று கேட்டார்.

கொட்டகையே சிரித்தது. போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரமா? ரோடு ஒன்றுதானே? இந்த ஆள் வாயில் எல்லாம் பக்கம்தான் என்று ஒருவர் சொன்னார். பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. வாட்ச்சைக் கழற்றிக் காட்டினார். அங்கே பொழுது முன்னாலேயே விடிந்துவிடுகிறது, அவர்கள் கடிகாரம் வேறு, நம் கடிகாரம் வேறு, போனாலும் வந்தாலும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் என்று விளக்கினார். கெட்டுப்போன வாட்ச்சை வைத்துக்கொண்டு கடிகாரப் பாடம் எடுக்கிறார் பார் என்று இன்னும் சிரித்தார்கள். எனக்கும் அப்போது அது விளங்கவில்லை. சூரியன் ஒன்றுதான், அது எப்படி அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி இருக்கும்?

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடலில் பாய்மரம் கட்டி ஓடிய காலத்து ஆள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"அவன் போனது எந்த மாசம்?"

"ஐப்பசி" என்றாள் காசியம்மாள்.

"இப்ப?"

"ஐப்பசிதான் மாமா."

"கொண்டல் அடிக்கிற மாசம். சிங்கப்பூர் கெழக்க கீது. போவும்போது எதிர்காத்து, ஏழு மணி ஆவும். வரும்போது காத்து முதுகுல அடிக்கும். ஒன்னே முக்கால்ல வந்துடுவான். இதுல சிரிக்க இன்னா கீது?"

கொட்டகை அடங்கிவிட்டது. கிழக்கிலிருந்து வருகிற கொண்டலில் ஓடியவர்கள் எல்லோருக்கும் அது பட்டென்று புரிந்தது. ஆமாம், எதிர்காற்றில் காட்டுப்பள்ளிக்குப் போகப் பாதிப் பகல் ஆகும், திரும்பும்போது வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடலாம் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பாய் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். காசியம்மாளைப் பார்த்தார். வாட்ச்சைத் திரும்பக் கையில் கட்டிக்கொண்டு, "தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வீட்டுச் சீட்டு கடைசியில் என்று முடிவானது. கொட்டகைக்கு வெளியே நட்டிருக்கிற கழியின் நிழல் கிழக்கே சாயும் வரை பார்ப்பது, அதற்கு மேல் இல்லை.

மறுநாள் காலையில் என் நண்டு வேனைக் காலியாக மீனம்பாக்கத்துக்கு அனுப்பினேன். டிரைவர் ஏழுமலை, அந்த ரோட்டில் எந்த இடத்தில் லாரி நிற்கும் என்று தெரிந்தவன். பாயும் கூடப் போனார். நீ எதற்கு பாய், உனக்கு டீக்கடையே தூரமாச்சே என்றேன். சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார். படகையும் இன்ஜினையும் பழவேற்காட்டுக் கரையில் தயாராக நிறுத்தச் சொல்லி ஆள் வைத்துவிட்டு நான் குப்பத்தில் இருந்தேன். என் வீட்டுச் சீட்டும் இருக்கிறதே.

காலையில் கொண்டல் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. காசியம்மாள் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கோயில் பக்கம் நின்று முந்தானை படபடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று ஏறினால் அவள் முகம் தெளிந்தது. ஏழு மணி வாக்கில் காற்று விழுந்துவிட்டது. ஏரி எண்ணெய் ஊற்றினாற்போல ஆகிவிட்டது. கொட்டகையில் காயப்போட்ட வலைகூட அசையவில்லை.

தலைவர் ஏரியைப் பார்த்தார், காற்று இல்லாமல் பிளேன் எங்கே வந்து சேரும் என்றார். எதிர்காற்றும் இல்லை, பின்காற்றும் இல்லை. அப்படியானால் கணக்கு என்ன? நாலு மணி நேரமா, ஐந்து மணி நேரமா? எவ்வளவு என்றாலும் உச்சி தாண்டிவிடும். சிலர், வராத ஆளுக்காக ஏன் சும்மா உட்கார வேண்டும், அந்த வீட்டை விட்டுவிட்டுச் சீட்டை முடித்துவிட்டு வலை கட்டப் போகலாம், இறால் ஓடுகிறது என்று எழுந்துவிட்டார்கள். நேற்று அந்த வீட்டைக் காப்பாற்றிய அதே காற்று இன்றைக்கு அதை மூழ்கடிக்கப் பார்த்தது. காசியம்மாள் முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள், அது அசையாமல் தொங்குவது யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுபோல.

நான் மேலே பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மேகம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே இலை அசையவில்லை, மேலே வெள்ளை மேகம் கிழக்கிலிருந்து மேற்கே, மந்தை மந்தையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருந்தது.

"தலைவரே, பிளேன் ஏரியிலயா மிதந்துகினு வருது? மேல பாரு. அங்க கொண்டல் நிக்கவே இல்ல."

எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். தலைவர் கையைப் புருவத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு மேகம் கோயில் கோபுரத்தைத் தாண்டுகிற வேகத்தை மனதுக்குள் அளந்தார் போல இருக்கிறது. பிறகு உட்கார்ந்தார். எழுந்து நின்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சரி, அந்த வீடு கடைசியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மற்ற வீடுகளின் பேரை அழைக்கத் தொடங்கினார்.

பிளேன் எட்டேகாலுக்குச் சரியாக இறங்கிவிட்டது. தேசப்பன் ஒரு கைப்பையோடு வெளியே வந்துவிட்டான். ஏரோப்பிளேன் வாசனையோடு வந்தவனை நண்டு நாற்றத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஏழுமலை கிளப்பினான். பாய் முன்சீட்டில். நான் பாய்க்குப் போன் போட்டேன்.

"எங்க பாய் கீறீங்க?"

"பக்கம்தான்."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். இதோ, பக்கம்தான் என்றார். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த இடம் என்று சொல், மரம் தெரிகிறதா, பாலம் தெரிகிறதா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று கத்தினேன். அவர் மறுபடியும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னார். ஏழுமலை போனைப் பிடுங்கி, "அண்ணாத்த, மீஞ்சூர் ரயில் கேட்டு போட்டுட்டான், கூட்ஸ் வண்டி நிக்குது" என்றான். பாய் வாயில் ஒரு மீஞ்சூர் வராதா? வராது. அந்த மனுஷரால் ஒரு இடத்தின் பேரைச் சொல்லி, இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கப்பலில் அந்த ஒரு வாரம் அவர் யார் யாரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார், எந்த இடம், எந்த இடம் என்று. அதை நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது எழுதும்போது நினைக்கிறேன்.

சீட்டு நடந்துகொண்டிருந்தது. என் பேர் வந்தது, எடுத்தேன், சுமாரான பாடுதான். பானைக்குள் சீட்டு குறையக் குறைய என் கண் கழியின் நிழலிலேயே இருந்தது. அது சுருங்கிச் சுருங்கி ஒரு முழமாகி, ஒரு ஜாணாகி, காலடிக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் பானையில் ஒரே ஒரு சீட்டு. தலைவர் தேசப்பனுடைய தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. வழக்கப்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டு, வேண்டுமென்றே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவ்வளவு நிதானமாகத் தண்ணீர் குடித்த மனுஷரை நான் பார்த்ததில்லை.

இன்ஜின் சத்தம் கேட்டது. என் இன்ஜின் சத்தம் எனக்குத் தெரியும். இறால் வலைக் கழிகளுக்கு நடுவே என் படகு வளைந்து வளைந்து வந்தது. அதன் மூக்கில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். கரை தட்டுவதற்கு முன்பே குதித்து, இடுப்பளவு தண்ணீரில் பேன்ட்டோடு ஓடி வந்தான். தலைவர் எழுந்து கழியின் அடியில் குனிந்து பார்த்தார். நிழல் இன்னும் மேற்கே ஒரு விரல் அகலம் இருந்தது. மூன்றாவது தடவை பேரைக் கூப்பிட்டார்.

ஈரக் கை பானைக்குள் போனது.

வந்தது நல்ல பாடா என்று கேட்கிறீர்களா? நடுத்தரம்தான். அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? காசியம்மாள் மகனைக்கூடத் தொடவில்லை. நேராகப் படகுக்குப் போனாள். பாய் படகிலேயே உட்கார்ந்திருந்தார், தண்ணீரில் கால் வைக்க மனசில்லாமல், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. அவள் கிட்டத்தில் போய் நின்றாள்.

"காத்து நல்லா அடிச்சிதா பாயி?"

அவர் அவளையே பார்த்தார். வாட்ச்சைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"நல்ல காத்தும்மா. முதுகுலயே தள்ளிகினு வந்துச்சு."

தேசப்பன் நாலு நாள் இருந்தான். முதல் வலையைத் தானே கட்டிவிட்டு, சித்தப்பா முறைக்காரன் ஒருவனை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிப் போனான். கிளம்பும்போது காசியம்மாள் அழவில்லை. எதிர்காற்று, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் குப்பத்திலிருந்து இன்னும் நாலைந்து பிள்ளைகள் வெளியே போயிருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பங்கும் போகவில்லை. தலைவர் இப்போதெல்லாம் சீட்டுக்குத் தேதி வைக்கும்போது முதலில் அவர்களுக்குத்தான் போன் போடச் சொல்கிறார். பிள்ளைகள் ஐப்பசியில் வந்து இறங்குகிறார்கள், பானைக்குள் கை விடுகிறார்கள், இரண்டு நாள் நண்டுக் குழம்பு தின்றுவிட்டுப் போகிறார்கள். போக நேரமாகிறது, வர நேரமாவதில்லை என்று பெண்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

என் சின்ன மகள் காலேஜில் படித்ததை வைத்து எனக்கு ஒரு நாள் எலுமிச்சம்பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்து விளக்கினாள். கிழக்கே இருக்கிறவர்களுக்கு முதலில் விடிகிறது, அதனால் கடிகாரம் முன்னால் ஓடுகிறது, பாய் சொன்னதுதான் சரி. நான் ஒத்துக்கொண்டேன். குப்பத்தில் போய்ச் சொல்லவில்லை. பாயே சொல்லாமல் விட்டதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

பாய் இப்போது கோலாலம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ். அவர் போன் செய்வார். முழங்கால் வலி, பேரன் மலாய் பேசுகிறான், நம் ஊர் மடவை மீன் கிடைப்பதில்லை என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு தடவை வாயேன் தம்பி, பக்கம்தானே என்பார். போகத்தான் போகிறேன். பாஸ்போர்ட் வாங்கி வைத்துவிட்டேன், அதையும் நானே அலைந்து வாங்கினேன்.

ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். குப்பத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது, பாய் போய் தேசப்பனைக் கொண்டுவந்தார், பாய்தான் பங்கைக் காப்பாற்றினார் என்று சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். பாய் பெரிய மனுஷர், இல்லை என்று நான் சொல்லவில்லை. வேன் என்னுடையது, அதை விடுங்கள். டீசல் என்னுடையது, படகு என்னுடையது, இன்ஜின் என்னுடையது, எல்லாவற்றையும் விடுங்கள். யார் கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் காற்று விழுந்து, எல்லோரும் ஏரியைப் பார்த்து நம்பிக்கையைக் கைவிட்டபோது, தலையைத் தூக்கி மேகத்தைக் காட்டியவன் நான். அது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தலைவருக்குத் தெரியும், காசியம்மாளுக்கும் தெரியும். இனிமேல் இந்தக் கதையை யார் சொன்னாலும் அந்த இடத்தில் என் பேரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னை விட்டுவிட்டுச் சொன்னால் தேசப்பன் இன்னும் மீஞ்சூர் கேட்டில்தான் நின்றுகொண்டிருப்பான்.